அலைத்தொட்டியின் மறுகோடி: ரிலாக்சேஷன் ஜோனா, ஆக்டிவ் அப்சார்ப்ஷனா?

நீரோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில், கணினித் தொட்டிக்குள் அலையை உண்டாக்குவது பெரிய வேலையில்லை. போன அலை மறுகோடியில் முட்டித் திரும்பாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது வம்பு.

இதைத் தடுக்க இரண்டு வழி. ஓப்பன்ஃபோமுக்கான வேவ்ஸ்2ஃபோம் தொகுப்பின் ரிலாக்சேஷன் ஜோன், தொட்டிக் கடைசியில் ஒன்றிரண்டு அலைநீளத்தை ஒதுக்கி, அங்குள்ள விடையை (நீர்மட்டம், வேகம்) ஒவ்வொரு டைம் ஸ்டெப்பிலும் (கணக்கு முன்னேறும் சிறு நேரத்துண்டு) கொஞ்சங்கொஞ்சமாக அசையா நீரை நோக்கி இழுக்கும். ஆக்டிவ் அப்சார்ப்ஷனுக்கு இந்த இடமே வேண்டாம். எல்லையில் நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில் நீரை வெளியே விடும். ஐஎச்ஃபோம், ஓலாஃப்ளோ தொகுப்புகள் இந்த வகை.

செல் (கணக்குக்காகத் தொட்டியைப் பிரிக்கும் சிறு கட்டம்) எண்ணிக்கையில் ஆக்டிவ்தான் மலிவு, அதில் பேச்சில்லை. இருந்தாலும் குறுகிய அலைகளுக்கு ரிலாக்சேஷன் ஜோனையே எடுங்கள். ஆக்டிவ் முறையின் வழக்கமான சூத்திரம் எந்த அலையையும் ஆழமற்ற நீர் அலையாகவே, அதாவது ஆழத்தைவிட மிக நீண்ட அலையாகவே, நினைக்கிறது. அதனால் வேகம் எப்போதும் √(gh); g புவியீர்ப்பு முடுக்கம், h ஆழம். ஆழம் 0.4 மீ., அலைக்காலம் 2 வினாடி என்றால் அலையின் வேகம் 1.85 மீ./வி., சூத்திரம் நினைப்பது 1.98. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் சுமார் 3% திரும்பி வரும், பொறுத்துக்கொள்ளலாம். அலைக்காலத்தை 1 வினாடியாக்கினால் வேகம் 1.46, திரும்புவது 15%. ஆழத்தையும் 1 மீட்டராக்கினால் மூன்றில் ஒரு பங்கு!

15% என்றால் 4 செ.மீ. அலை ஓரிடத்தில் 4.6 ஆகவும், கால் அலைநீளம் தள்ளி 3.4 ஆகவும் தெரியும். அலையுயரத்தை அளக்கும் கேஜை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். பழி மட்டும் மெஷ்ஷின் (செல்களின் வலை) மேல் விழும்.

ரிலாக்சேஷன் ஜோனிலும் கோளாறு உண்டு. இழுப்பு டைம் ஸ்டெப்புக்கு ஒருமுறை நடப்பதால், கூரண்ட் எண்ணை (ஒரு டைம் ஸ்டெப்பில் நீர் ஒரு செல்லின் எத்தனை பங்கு நகர்கிறது என்ற அளவு) 0.2-இலிருந்து 0.1-க்குக் குறைத்தால் டைம் ஸ்டெப் பாதியாகி, அதே நேரத்தில் இரண்டு மடங்கு இழுக்கும். மென்மையாகத் தொடங்கவேண்டிய ஜோன் முன்முகத்திலேயே சுவர்போல இறுகி அலையைத் திருப்பிவிடும். ஆகவே கூரண்ட் எண்ணை முதலில் முடிவுசெய்து, பிறகு ஜோன் நீளத்தைத் தொடுங்கள்.

செலவையும் குறைக்க வழியிருக்கிறது. 2 வினாடி அலைக்கு அலைநீளம் 3.7 மீ.; இரண்டு அலைநீள ஜோனுக்கு 3.7 செ.மீ. செல்லாக 200 வரிசை. ஒவ்வொரு செல்லையும் முந்தையதைவிட 1% நீட்டினால் சுமார் 110 போதும். ஒரே தாவலாகப் பெரிதாக்கவேண்டாம், அந்த இடமே அலையைத் திருப்பும். செங்குத்தில் கைவைக்காதீர்கள், அலையுயரத்துக்குப் பத்துப் பதினைந்து செல் ஜோனுக்குள்ளும் இருக்கட்டும்.

ஆக்டிவ் ஜெயிக்கும் இடம் நீண்ட அலை. 2 மீ. ஆழம், 12 வினாடி அலை: அலைநீளமே 50 மீட்டரைத் தாண்டும், ஜோன் கட்டுப்படியாகாது. ஆக்டிவ் சூத்திரத்திலோ அங்கே அரை சதவீதம்கூடத் திரும்பாது. தனி அலைக்கும் (ஒரே மேடாக வரும் அலை) சுனாமி வகைக்கும் இதுதான் சரி. சாய்ந்து வரும் அலைக்கு இந்த எண்களை அப்படியே நம்பவேண்டாம், பிரதிபலிப்பு கூடும்.

எதை எடுத்தாலும், சோதிக்கப்போகும் கட்டமைப்பை வைக்குமுன் வெறும் தொட்டியை இருபது அலைக்காலம் ஓட்டுங்கள். அரை அலைநீளத்துக்குள் பத்துக் கேஜ் வைத்து, அதிக உயரத்துக்கும் குறைந்த உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். ரிலாக்சேஷன் ஜோனில் 5%-க்கு மேல் வந்தால் ஜோனை அரை அலைநீளம் நீட்டி மறுபடி ஓட்டுங்கள்.