கடல் மணல் என்று என்னிடம் விற்கப்பட்டது

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கடல் மீன் தொட்டி வைக்க நினைப்பவர்கள் மணல் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நீலக் கடல் படம் ஒட்டிய ஐந்து கிலோ பையை யாராவது நீட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள்.

மாங்காய் சீசன் முடிந்த கையோடு மூன்றடிக்கு ஒன்றரை அடி தொட்டி ஒன்றை வாங்கினேன். உயரமும் ஒன்றரை அடிதான், ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும். மகளுக்குக் கோமாளி மீன் வேண்டும். எனக்கோ, கடலைப் பார்க்கவே ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில், கூடத்தில் ஒரு துண்டுக் கடல் இருக்கட்டுமே என்கிற ஆசை.

மணலே போடாமல் வெறும் கண்ணாடித் தரையாக விடலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரரிடம் கேட்டபோது சிரித்தார். "தரையில்லாத வீட்டில் குடியிருப்பீர்களா சார்? நல்ல பாக்டீரியா மணலில்தான் வாழும். மணல் இல்லையென்றால் ஒரு வாரத்தில் மீன் போய்விடும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கிலோ 120 ரூபாய் வீதம் 30 கிலோ, ஆக 3,600 ரூபாய். கூடவே ஒரு குப்பி பாக்டீரியாத் திரவமும் தந்தார். அதை ஊற்றினால் அன்றைக்கே மீன் விடலாம் என்றார். இரண்டு கோமாளி மீன்களும், மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலித்துத் தின்னும் ஒரு கோபி மீனும் வீட்டுக்கு வந்தன.

மூன்று நாள் தொட்டி கழுநீர் போல வெளுத்துக் கிடந்தது. மணல் அமர்கிறது என்றார் தொலைபேசியில். ஆறாம் நாள் கோபி ஒரு மூலையில் ஒதுங்கிச் செவுளை விரித்து விரித்து மூச்சு வாங்கியது. மறுநாள் காலை மிதந்தது. பத்தாம் நாள் கோமாளி மீன்களில் ஒன்றும் போனது. மகள் இரண்டு நாள் கூடத்துப் பக்கமே வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தார். கட்டட மேஸ்திரி. பையில் மிச்சமிருந்த மணலை ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடிச் சில்லு போல மினுங்கிய ஒரு துணுக்கை நகத்தால் ஒதுக்கிக் காட்டினார். "மாப்பிள்ளை, இது பூச்சு வேலைக்குப் போடுகிற பி.சாண்ட். நீங்கள் கொடுத்த காசுக்கு அரை யூனிட் வாசலில் கொண்டுவந்து கொட்டியிருப்பேனே!" என்றார். கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போன மாவட்டத்தில், கிரஷரில் அரைத்த கல்லை அலசிப் பையிலிட்டுக் கடலாக்கிவிட்டார்கள்.

அவர் சொன்ன பிறகு வினிகர் சோதனை செய்து பார்த்தேன். கடல் தொட்டிக்கு விற்கும் அரகோனைட் மணல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதன்மேல் வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்கும். என்னுடையதில் ஒரு குமிழிகூட எழவில்லை. கடையிலேயே ஒரு ஸ்பூன் மணலைக் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மீன்கள் செத்தது மணலால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். சோதனைக் கிட் வாங்கிப் பார்த்தபோது தண்ணீரில் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா ஏறியிருந்தது. கடல் நீரின் கார அளவில் அமோனியாவின் விஷம் இன்னும் கூடும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஒரு தொட்டியில் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் மீன் விற்றதுதான் முதல் மோசடி. இரண்டாவது, அந்தப் பாக்டீரியாவுக்கு மணல் கட்டாயம் என்றது. ஆக்சிஜனோடு நீர் ஓடுகிற எந்தப் பரப்பும் அதற்குப் போதும். துளைகள் நிறைந்த பாறையும் வடிகட்டியில் போடும் செராமிக் வளையங்களும் மணலைவிட நன்றாகவே அந்த வேலையைச் செய்யும்.

போர்வெல் தண்ணீரே போதும் என்றும் கடைக்காரர் சொல்லியிருந்தார். நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு தொல்லைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவந்த ஊரில்! நல்லவேளை, அதை மட்டும் கேட்கவில்லை. ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல் தொட்டிக்கான உப்பைக் கரைத்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, நான் தீவனம் அதிகம் போட்டதாகப் பழி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, ராமேஸ்வரம் பக்கத்து அசல் பவளப்பாறைத் துண்டுகள் இருக்கின்றன, தள்ளுபடியில் தருகிறேன் என்றார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், கல் பவளங்கள் எல்லாமே 2001ஆம் ஆண்டிலிருந்து முதலாம் அட்டவணையில் இருக்கின்றன. புலியைக் காக்கும் அதே அட்டவணை. பணமும் வேண்டாம், பாறையும் வேண்டாம் என்று கடையைவிட்டு வந்துவிட்டேன்.

மணலை அள்ளியபோது அடியில் கறுப்புப் படலம், அழுகிய முட்டை நாற்றம். பொடி மணல் இறுகி, கழிவு காற்றில்லாமல் அடியில் மக்கியிருந்தது. இப்போது தரை வெறும் கண்ணாடி. கழிவு ஒரு மூலையில் சேருவது கண்ணுக்குத் தெரிகிறது, வாரம் ஒருமுறை குழாய் வைத்து உறிஞ்சிவிடுகிறேன். அலை மோட்டாரை எவ்வளவு வேகமாக வைத்தாலும் மணற்புயல் இல்லை. தப்பிப் பிழைத்த கோமாளி மீனுக்கு மணல் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. முதல் சில வாரம் தொட்டி மொட்டையாகத்தான் இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் மீன் வகைகளோ, வளை தோண்டும் மீன்களோ, அந்தக் கோபியோ வேண்டுமென்றால் அசல் மணல் போட்டே ஆக வேண்டும். அப்போதும் பாறையை முதலில் கண்ணாடிமேல் உட்கார வைத்துவிட்டுச் சுற்றிலும் மணல் பரப்புங்கள். மணல்மேல் பாறை வைத்தால், மீன் அடியில் தோண்டும்போது சரிந்து கண்ணாடியில் மோதும்.

அள்ளிய மணல் இரண்டு சிமெண்டுச் சாக்குகளில் மொட்டை மாடியில் கிடக்கிறது. பூச்சு வேலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன் மச்சானிடம். உப்பு ஏறிய மணலைச் சுவரில் பூசினால் பொரிந்து கொட்டும், இனி அது எதற்கும் ஆகாது என்று சொல்லிவிட்டார்.