ஆக்சலாட்டில் தொட்டிக்கு எது சரி: ஃபேனா, ஐஸ் பாட்டிலா, சில்லரா?

ஆக்சலாட்டில் என்பது வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும், செவுள் வெளியே நீட்டிய, பல்லி போன்ற உருவம் கொண்ட ஒரு நீர்நில வாழி. அதை வளர்ப்பவர்கள், செவுளில் பஞ்சு போலப் பூஞ்சை படிந்திருக்கிறது, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வால் நுனி கொக்கி போல வளைந்திருக்கிறது, என்ன மருந்து போடலாம் என்று கேட்பார்கள். தண்ணீர் எத்தனை டிகிரி என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். பல நேரம் பதில் 27, 28 என்று வரும்.

ஆக்சலாட்டிலின் சொந்த இடம் மெக்சிகோ நகரின் தெற்கே இருக்கும் சோச்சிமில்கோ கால்வாய்கள். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். அதனால்தான் அதற்கு 16 முதல் 18 டிகிரி வரை இதமாக இருக்கிறது. 24-ஐத் தாண்டினால் உடம்பு திணறத் தொடங்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, உடலுக்கோ அப்போதுதான் அது கூடுதலாக வேண்டும். நோய் எதிர்ப்பு தளரும் அதே நேரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் செழிக்கும். அதன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நச்சும் சூட்டில் ஏறும். ஆகவே குளிர்விக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பதையே முதல் வைத்தியமாக நான் நினைக்கிறேன்.

செலவு குறைந்த வழி ஃபேன். தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படும்படி வைத்தால் நீர் ஆவியாகி 2 முதல் 4 டிகிரி வரை இறங்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இதுவே போதும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மந்தம். அறை 32-ல் இருக்கும்போது தண்ணீர் 29-க்கு வந்து என்ன பயன்? மூடியைத் திறந்து வைக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். ஆக்சலாட்டில் துள்ளி வெளியே விழக்கூடியது, வலை போட்டே ஆக வேண்டும். குறைந்த நீரைக் குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் ஈடுகட்டவும் வேண்டும்.

ஐஸ் பாட்டிலை அன்றாட வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். உறைந்த பாட்டிலைப் போட்டதும் சடாரென்று இறங்கும், உருகியதும் ஏறும். ஒரே நாளில் இப்படி ஏறி இறங்குவதே அந்த உயிருக்குப் பெரிய வேதனை. நீங்கள் ஆபீஸ் போய்விட்டால் பிற்பகலில் மாற்றி வைக்க ஆளில்லை. ஆனால் கரண்ட் போன இரவில் இதை விட்டால் வேறு வழி கிடையாது. அதற்காக ஃப்ரீசரில் இரண்டு பாட்டில் எப்போதும் இருக்கட்டும். ஐஸ் கட்டிகளை நேராகத் தண்ணீரில் கொட்ட வேண்டாம்.

சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, விலை அதிகமானது. தொட்டியை விடப் பல மடங்கு ஆகும், கரண்ட் பில்லும் ஏறும், அறைக்குள் வெப்பத்தையும் தள்ளும். ஆனாலும் வெப்பத்தை ஒரே நிலையில் நிறுத்துவது இது ஒன்றுதான். கம்ப்ரசர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கம்ப்ரசர் இல்லாத சின்னக் கருவிகள் நம் கோடையைத் தாங்காது. பம்பிலிருந்து வரும் நீரோட்டத்தைச் சுவரில் மோதவிட்டு மெதுவாக்க வேண்டும், வேகமான ஓட்டம் அதற்குப் பிடிக்காது. செவுள்கள் முன்பக்கமாகச் சுருண்டால் ஓட்டம் அதிகமா என்று பாருங்கள். தொட்டியின் பின்னும் பக்கங்களிலும் தெர்மாகோல் ஒட்டினால் சில்லரின் வேலை குறையும்.

இரவும் பகலும் ஏசி ஓடும் அறை இருந்தால் ஏசியும் ஃபேனும் சேர்ந்து 20, 21 வரை கொண்டுவரும். அதுவும் நல்ல வழிதான், ஏசியை நிறுத்தாதவரை. சமவெளியில் இருந்துகொண்டு சில்லரும் இல்லை, ஏசியும் இல்லை என்றால், தயவுசெய்து வாங்காதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது.

சரி, பஞ்சு ஏற்கெனவே வந்துவிட்டது என்றால்? முதலில் தனி டப்பாவில் குளிர்ந்த, குளோரின் நீக்கிய தண்ணீர் ஊற்றி அதில் விடுங்கள், தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். லேசான திட்டு என்றால் நம் தெருவோரப் பாதாம் மரத்தின் காய்ந்த இலை ஊறிய தண்ணீர் உதவும். உப்புக் குளியல் இதை விட வேகமானது, ஆனால் 10 நிமிடத்தைத் தாண்டினால் செவுளையும் தோலின் வழுவழுப்பையும் அரிக்கும். மெத்திலீன் புளூ என்ற நீலநிற மருந்து இன்னும் மென்மையானது என்பதால் எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். டப்பாவில் மட்டும் போடுங்கள், தொட்டியில் போட்டால் அமோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். கடையில் மீனுக்கென்று தரும் மருந்துகளில் மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் கலந்திருந்தால் தொடவே வேண்டாம், இதன் மெல்லிய தோல் அதை உறிஞ்சிவிடும்.

டப்பாவில் இருக்கும் அந்தச் சில நாளுக்குள் தொட்டியைக் குளிரவைத்துவிடுங்கள். குணமானதைத் திரும்ப 28 டிகிரியில் விட்டால் அதே செவுளில் பஞ்சு மறுபடி முளைக்கும்.