கியாந்தி ஒயின் பயணம்: தனி வழிகாட்டியா, குழுவா, நாமே கார் ஓட்டுவதா?

இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் நான்கைந்து நாள் தங்குகிறவர்கள் அதில் ஒரு நாளைத் தெற்கே இருக்கும் கியாந்தி மலைப்பக்கம் போக ஒதுக்குவது வழக்கம். ஒயின், ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி, சாவகாசமான மதியச் சாப்பாடு என்று அன்றைக்கு முழுக்க நாக்குக்குத்தான் வேலை. எப்படிப் போவது என்பதில்தான் குழப்பம். குழுவோடு பேருந்திலோ வேனிலோ போகலாம். வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டலாம். வண்டியும் வழிகாட்டியும் நமக்கென்று மட்டும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். குழுப் பயணம் முன்பு போயிருக்கிறேன். போன அக்டோபர் கடைசியில் என் கணவர், அக்கா, அத்தானோடு நால்வராகப் போனபோது தனி வழிகாட்டியைப் பிடித்தோம். என் ஓட்டு அதற்குத்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே கார் ஓட்டிப் போன அனுபவம் எனக்கு இல்லை. அதைப் பற்றி எழுதுவது, போகலாமா என்று நாங்கள் விசாரித்துப் பார்த்ததை வைத்துத்தான்.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குழுப் பயணம்தான் மலிவு. அரை நாளுக்கு ஒருவருக்கு 100 யூரோவுக்குள் கிடைக்கிறது. தனி ஏற்பாடு முழு நாளுக்கு 500 யூரோவைச் சுலபமாகத் தாண்டும், ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டிங் கட்டணமும் சாப்பாடும் பெரும்பாலும் தனி. ஆனால் அந்த 500 மொத்த வண்டிக்கு, ஆளுக்கு அல்ல. இருவராகப் போனால் கனக்கும், நால்வர் பகிர்ந்துகொண்டால் தாங்கும். தனி ஆளாகப் பயணம் செய்பவர் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், குழுவில் சேர்ந்துகொள்வதே சரி.

நாமே ஓட்டுவதில் ஒரு பெரிய ஆசை இருக்கிறது, அது அந்தச் சாலை. ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனா வரை போகும் எஸ்.ஆர். 222, கியாந்திஜானா என்பார்கள். கிரேவே, பன்சானோ, காஸ்தெல்லீனா என்று ஊர் ஊராக வளைந்து வளைந்து போகும். நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டலாம் என்றாலே பாதி மனசு அங்கே போய்விடும். அப்புறம் சட்டத்தைப் பார்த்தோம். இத்தாலியில் ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். உரிமம் வாங்கி 3 ஆண்டு ஆகாதவருக்கு அதுவும் கிடையாது, பூஜ்யம்தான். 0.5-க்கும் 0.8-க்கும் இடையில் பிடிபட்டாலே அபராதம் 500 யூரோவுக்கு மேல் போகும், உரிமத்தையும் சில மாதங்களுக்கு முடக்குவார்கள். இதோடு ஃப்ளாரன்ஸின் பழைய நகருக்குள் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, வாசலில் கேமரா, தப்பித் தவறி நுழைந்தால் வீடு தேடி வரும் அபராதம். இந்திய உரிமம் வைத்திருப்பவர் கையில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருக்க வேண்டும்.

எங்கள் நால்வரில் வெளிநாட்டில் ஓட்டத் துணிந்தவர் அத்தான் ஒருவர்தான். ஒயினில் அதிக ஆர்வம் உள்ளவரும் அவரேதான். "நீங்க எல்லாம் குடிக்கிறதை நான் வேடிக்கை பார்க்கவாம்மா அவ்வளவு தூரம் வர்றேன்?" என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வாரக்கணக்கில் இந்த டஸ்கனி மாநிலத்தைச் சுற்றி, திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் பண்ணை வீட்டில் தங்கப் போகிறவர்களுக்குக் கார் நல்ல வழி. சாயங்காலம் குடித்துவிட்டு நடந்தே அறைக்குப் போய்விடலாம். ஒரு நாள் பயணத்துக்கு அது சரிப்படாது என்பது என் எண்ணம்.

ஆக, உண்மையான போட்டி குழுவுக்கும் தனி வழிகாட்டிக்கும்தான். குழுப் பயணத்தைக் குறைசொல்லிக் கடந்துவிட முடியாது. திட்டமிடும் வேலையே இல்லை. காலையில் ரயில் நிலையம் பக்கம் போய் நின்றால் போதும். ஊர்பேர் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில் ஒரு கலகலப்பு உண்டு. நான் முன்பு போனதில் எல்லாமே குறித்த நேரத்தில் நடந்தது. எனக்கு ஒட்டாமல் போனதும் அந்த நேரம்தான். நீள மேசையில் நாங்கள் உட்காரும் முன்பே நான்கு கோப்பையிலும் ஒயின் ஊற்றி வைத்திருந்தார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசினார். ரொட்டி வந்தது, நான்காவது கோப்பை காலியாகும் முன்பே கடைப் பக்கம் கைகாட்டினார்கள், வெளியே அடுத்த பேருந்து வந்து நின்றுவிட்டது. முப்பது பேரை வைத்துக்கொண்டு வேறு எப்படியும் நடத்த முடியாது, அதனால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று குடித்த நான்கில் ஒன்றின் சுவைகூட மறுநாள் நினைவில் இல்லை.

இந்த முறை நாங்கள் தனி வழிகாட்டிக்குக் கொடுத்த பணம், என் கணக்கில், ஒரே ஒரு உரிமைக்காக: நாளின் பாதியில் திட்டத்தை மாற்றும் உரிமை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தப் பயணங்களில் பெரும்பாலும் 'மூன்று ஒயின் பண்ணைகள்' என்று விளம்பரம் செய்வார்கள். மூன்று என்றால் இரண்டைவிட நல்லதாகத்தான் தோன்றும், நாங்களும் மூன்றுக்குத்தான் சொல்லியிருந்தோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பண்ணையில் நான்கைந்து ஒயின், ஒவ்வொன்றும் 50 மில்லி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பண்ணை முடியும்போது ஒருவர் வயிற்றில் 600 முதல் 750 மில்லி, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு பாட்டில். சுவைத்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் கூச்சமில்லாமல் துப்புவார்கள், காசு கொடுத்து வந்த நாம் துப்ப மாட்டோம். அதனால் மூன்றாவது இடத்தில் எவ்வளவு நல்ல ஒயினை ஊற்றினாலும் அது தலைக்குத்தான் ஏறும், நாக்குக்கு எட்டாது. குழுவில் போனால் மூன்றாவது இடத்தை யாரும் தவிர்க்க முடியாது. அங்கே அறையும் ஆளும் தயாராக இருக்கும், வண்டி போயே ஆக வேண்டும்.

எங்கள் வழிகாட்டி அந்த ஊர்ப் பெண்மணி. முதலில் பன்சானோ பக்கம் ஒரு குடும்பப் பண்ணைக்குக் கூட்டிப்போனார். தார்ச்சாலையை விட்டு இறங்கி, புழுதி பறக்கும் சரளைக்கல் பாதையில் கொஞ்ச தூரம், பெரிய பேருந்து உள்ளே வர வழியே கிடையாது. நிலவறைக்குப் போகும் முன் தோட்டத்தில் நிறுத்தி, காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். சாம்பல் நிறம், ஏடு ஏடாக இருந்தது, விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. கலெஸ்த்ரோ என்கிறார்கள். தண்ணீரைத் தேங்கவிடாத மண். வேர் ஆழத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். கியாந்தி ஒயினின் முக்கியத் திராட்சையான சாஞ்சொவேசேக்கு இந்த மண் ஏன் பிடிக்கிறது என்பதற்கு அந்தக் கல்லே பதில் சொன்னது.

நிலவறையில் வரிசையை அவர் தீர்மானித்தார், அவசரம் மட்டும் இல்லை. முதலில் சாதாரண கியாந்தி கிளாசிகோ, குறைந்தது 12 மாதம் முதிர வைத்தது. அடுத்து ரிசெர்வா, 24 மாதம். கடைசியில் கிரான் செலெட்சியோனே, 30 மாதம். பண்ணையின் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் மட்டும் செய்ய வேண்டிய இந்த வகை 2014-இல்தான் சந்தைக்கு வந்தது. மூன்றிலும் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சொவேசே இருக்க வேண்டும் என்பது விதி. ரிசெர்வாவின் முதல் மடக்கில் நாவற்பழம் தின்றதுபோல நாக்கு இழுத்துப் பிடித்தது, வேறு எதுவும் தெரியவில்லை. "கீழே வையுங்கள், பாலாடைக்கட்டி சாப்பிடுங்கள், பேசிக்கொண்டிருப்போம்" என்றார் வழிகாட்டி. பெகோரீனோ என்கிற முதிர்ந்த செம்மறியாட்டுப் பால் கட்டியில் ஒரு துண்டு, உப்பில்லாத டஸ்கனி ரொட்டி, அரை மணி நேரப் பேச்சு. திரும்ப எடுத்துக் குடித்தபோது துவர்ப்பு அடங்கி, செர்ரியின் புளிப்பும் ஏதோ காய்ந்த மூலிகை வாசமும் மேலே வந்திருந்தன. காற்றுப் பட்டதால் பாதி, கட்டியின் கொழுப்பும் உப்பும் சேர்ந்ததால் பாதி. ஒயினும் உணவும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று நான் நாக்கால் புரிந்துகொண்டது அப்போதுதான். அதற்குத் தேவைப்பட்டது அந்த அரை மணி நேரம்.

இரண்டாவது பண்ணையில்தான் மதியச் சாப்பாடு. அக்கா குடிக்க மாட்டாள், சைவம் வேறு. குழுப் பயணத்தில் இப்படி ஒருவர் வந்தால் தட்டிலிருந்து பன்றி இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். பாலாடைக்கட்டியும் எல்லாம் சைவம் என்று நம்பிவிட முடியாது. மரபான பெகோரீனோவில் பெரும்பாலும் ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைப் போட்டுத்தான் பாலைத் திரிய வைக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, பண்ணைக்குப் போன் செய்து, தாவர நொதியில் செய்த கட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார். பழைய ரொட்டி, கரும்பச்சைக் கோசு, வெள்ளை பீன்ஸ் போட்டுக் கொதிக்கவைத்த ரிபொல்லீத்தா சூப்பில் இறைச்சி சேரவில்லை என்பதையும் உறுதி செய்திருந்தார். ஒயினுக்குப் பதில் அக்காவுக்கு எண்ணெய். ஆலிவ் பறிப்பு தொடங்கிய சமயம் என்பதால் அந்த ஆண்டின் புது எண்ணெய் வந்திருந்தது. பச்சைப் பசேலென்று, விழுங்கியதும் தொண்டையில் காரம் பிடித்து இரும வைத்தது. அந்த எரிச்சல் புது எண்ணெயின் நல்ல குணம் என்று வழிகாட்டி சொன்னதும் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்று அதிகம் கேள்வி கேட்டவள் அவள்தான்.

சாப்பிட்டு முடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மூன்றாவது பண்ணைக்குக் கிளம்ப வேண்டும். வழிகாட்டி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் முற்றத்தில் நின்றபடியே போன் செய்து ரத்து செய்தார். மிச்ச நேரத்தில் பண்ணைக்காரர் எங்களை மாடிப் பரணுக்கு அழைத்துப்போனார். வின் சான்ட்டோ என்ற இனிப்பு ஒயினுக்கான திராட்சைக் குலைகள் அங்கே கொக்கி கொக்கியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பாதி உலர்ந்து தோல் சுருங்கியிருந்தது. அவற்றைப் பிழிந்து சின்னப் பீப்பாய்களில் அடைத்து, கோடை வெப்பமும் குளிர்காலக் குளிரும் தாக்கும்படி அதே பரணில் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். திட்டத்தில் இதெல்லாம் இல்லவே இல்லை. மூன்றாவது இடத்துக்கு ஓடியிருந்தால் பார்த்திருக்க முடியாது.

தனி வழிகாட்டி என்றாலே இப்படி அமையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நான் அறிந்தது ஒரே ஒருவரை. நாங்கள் போனதும் அறுவடை முடிந்து பண்ணைகள் மூச்சு விடுகிற காலம். செப்டம்பரில் திராட்சை பறிப்பு மும்முரத்தில் ஒரு சிறு பண்ணைக்காரர் பரண்வரை கூட்டிப்போக நேரம் ஒதுக்குவாரா என்பது சந்தேகம்தான். நல்ல சிறு வேன் பயணங்களும் இருக்கின்றன. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாதவையாகப் பார்த்துப் போனால் நான் சொன்ன குறைகளில் பாதி இருக்காது என்று நினைக்கிறேன். பட்ஜெட் இடித்தால் நான் அடுத்து பார்ப்பது அதைத்தான். மைக் வைத்த பேருந்துக்கு மட்டும் திரும்பப் போக மாட்டேன்.

தனி ஏற்பாட்டில் போகிறவர்கள் பதிவு செய்யும் முன் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: வருகிறவர் ஓட்டுநரா, வழிகாட்டியா? உரிமம் பெற்ற ஓட்டுநர் உங்களைப் பண்ணை வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே காத்திருக்கலாம். அதுவும் 'தனிப் பயணம்' என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது, விலையும் ரொம்பக் குறைவாக இருக்காது. உங்களோடு மேசையில் உட்கார்ந்து, பண்ணைக்காரர் இத்தாலியனில் சொல்வதை மொழிபெயர்த்து, உங்கள் நாக்கின் வேகத்துக்குத் தக்கபடி நேரத்தை நகர்த்துகிற ஆள் வேண்டும். சைவம், மது வேண்டாம் என்பதையெல்லாம் அங்கே போய்ச் சொன்னால் போதாது, பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். சிறு பண்ணைகளில் முன்பதிவு இல்லாமல் கதவே திறக்காது, அடுப்பும் அந்தக் கணக்கில்தான் எரியும். கடைசியாக, மூன்றாவது இடத்தை அன்றைக்கே ரத்து செய்தால் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். எங்களிடம் வாங்கவில்லை, காரணம் அந்தப் பண்ணையும் வழிகாட்டியும் நீண்டகாலப் பழக்கம். எல்லோரும் அப்படி விட்டுக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு பண்ணைக்கு மட்டும் முன்பணம் கட்டி, மூன்றாவதை அன்றைய நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பேசிக்கொள்வது இன்னும் நல்லது.