உணவுக்குழாய் மெலனோமா: ஒவ்வொன்றாகச் சாயமா, ஒரே வெட்டில் தொகுப்பா?

உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் அங்கேயே தோன்றும் மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் பிறக்கும் புற்றுநோய். கறுத்த பாலிப்பாகத் தொங்கினால் எண்டோஸ்கோபி செய்பவரே சந்தேகத்தைப் படிவத்தில் எழுதிவிடுவார். தொல்லை, நிறமியில்லாத வகையில்தான். வழக்கமான ஹீமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் அது அடையாளமற்ற கார்சினோமாவாகவே (எபிதீலியம் எனும் மேலுறைச் செல்களின் புற்றாகவே) தோன்றும்.

அப்போது, குறிப்பிட்ட புரதம் இருந்தால் மட்டும் படியும் சாயங்களைக் கேட்க நோயியல் மருத்துவர் முன் இரண்டு வழிகள். கார்சினோமாவைக் காட்டும் கெரட்டின் சாயம் போட்டுப் பார்த்து, அது படியாவிட்டால் அடுத்ததைக் கேட்பது ஒன்று. முதல் நாளே கெரட்டின், பி40 (செதிள்செல் புற்றுக்கு), சினாப்டோஃபைசின் (நரம்பு-நாளமில்லாக் கட்டிக்கு), எல்சிஏ (லிம்ஃபோமாவுக்கு), சாக்ஸ்10, எச்எம்பி-45 (இரண்டும் மெலனோமாவுக்கு) எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பது மற்றொன்று. முதலாவதில் செலவு குறைவு. பெரும்பாலான பயாப்ஸிகளுக்கு அதுவே போதும்.

நான் எடுப்பது இரண்டாவது வழி. நேரம் மிச்சமாகும் என்பதற்காக அல்ல. பிளாக்கில் (திசுவைப் புதைத்த மெழுகுத் துண்டில்) திசு மிஞ்ச வேண்டும் என்பதற்காக. இடுக்கி கிள்ளித் தருவது சில மில்லிமீட்டர் துண்டு. கழற்றிய பிளாக்கை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மறுபடி பொருத்தினால் பழைய கோணம் அமையாது. பரப்பு முழுவதும் கத்தியில் படும்வரை சீவித் தள்ள வேண்டும். அந்தச் சீவலில் போவது கட்டிதான். இப்படி இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கினால், சாக்ஸ்10 கேட்கும் நேரத்தில் ஸ்லைடில் கட்டியே இருக்காது. பிறகு, சிகிச்சையைத் தேர்வுசெய்ய உதவும் கிட் மரபணுச் சோதனைக்கு எதை அனுப்புவது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. சளிப்படல மெலனோமாவில், கிட் மரபணு தரும் புரதத்துக்கான சிடி117 சாயம் படியக்கூடும். நூற்கும் கதிர் வடிவச் செல்களைக் கண்டு அந்த ஒன்றை மட்டும் போட்டவர், அதே சாயம் படியும் ஜிஸ்ட் (செரிமானப் பாதைச் சுவரின் ஒருவகைக் கட்டி) என்று எழுதிவிடலாம். சாக்ஸ்10-உம் ஜிஸ்டில் படியும் டாக்1-உம் பக்கத்தில் இருந்தால் அந்தக் குழப்பம் வராது. மெலனோமாவில் படியும் எஸ்100 சாயம் தனித்து நின்றால் போதாது. நரம்புறைக் கட்டிகளிலும் அது படியும். நிறமி மண்டிய கட்டிக்குப் பழுப்புச் சாயத்தைவிடச் சிவப்பு நல்லது, மெலனினும் பழுப்பாயிற்றே.

கையில் காசு இறுக்கமான ஆய்வகத்துக்கு நடுவழி ஒன்று சொல்வேன்: சாயங்களைப் படிப்படியாகவே போடுங்கள், ஆனால் சாயமிடாத பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுகளை முதல் வெட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மெலனோமாவுக்கான இன்னொரு சாயமான பிரேமில் எனக்குத் தோல் கட்டிகளில்தான் பழக்கம். உணவுக்குழாயில் அதை நம்பி முடிவெழுதத் துணியமாட்டேன்.

கட்டி அங்கேயே பிறந்ததா, வேறிடத்திலிருந்து பரவியதா என்பதை இரண்டு வழிகளுமே சொல்லா. அங்கேயே பிறந்தது எனச் சொல்ல, பக்கத்து எபிதீலியத்தின் அடியோரம் மெலனோமா செல்கள் இருக்க வேண்டும் என்று நோயியல் மருத்துவர்கள் ஆலனும் ஸ்பிட்ஸும் 1953-இல் வைத்த அளவுகோல் இன்றும் பேசப்படுகிறது. சிறு துண்டில் அந்த ஓரம் பெரும்பாலும் சிக்காது. ஆகவே என் அறிக்கையில் ‘மெலனோமா’ என்று மட்டும் எழுதி, தோல், கண், ஆசனவாய்ப் பரிசோதனையும் உடல் முழுதும் பரவல் தேடும் பெட்-சிடி ஸ்கேனும் கேட்கிறேன்.