பிடிடியை அழுத்தினால் எத்தனை வோல்ட்? சோலார் ஹாம் நிலையத்தில் மூன்று பேட்டரிகள், எட்டு வருடங்கள்

என் ரேடியோ அறை பட்டுக்கோட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் இருக்கிறது. 2017-இல் ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ், அதாவது தொடக்க நிலை உரிமம், வந்ததும் 50 வாட்டில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) பேச ஆரம்பித்தேன். முதல் நாளிலிருந்தே ரிக் (பேசவும் கேட்கவுமான ரேடியோ பெட்டி) சோலாரில்தான் ஓடுகிறது. மாடியில் 100 வாட் பேனல், கீழே ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், அதற்கடுத்து பேட்டரி. இந்த எட்டு வருடத்தில் பேட்டரியை இரண்டு முறை மாற்றிவிட்டேன். புதிதாக ஆரம்பிக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பதும் பேட்டரியைப் பற்றித்தான்.

முதலில் வாங்கியது யுபிஎஸ்ஸுக்குப் போடும் 42 ஏஎச் (ஆம்பியர்-மணி) எஸ்எம்எஃப், அதாவது மூடிய லெட்-ஆசிட் பேட்டரி. ஆசிட் வாடை கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளலாம். காலை நெட்டில் (ஹாம்கள் குறித்த நேரத்தில் ரேடியோவில் கூடிப் பேசுவது) அரை மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று ஒன்றரை வருடம் குறையில்லாமல் ஓடியது. அதன் உண்மையான பலம் என்ன என்று கஜா புயல் வந்தபோதுதான் தெரிந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையைக் கடந்தது. முந்தின மாலையே பேனலைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டதால் அது தப்பியது. ஆன்டெனா கட்டியிருந்த தென்னை இரண்டும் வேரோடு சாய்ந்துவிட்டன. கரண்ட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. மூங்கில் நட்டு டைப்போல் ஆன்டெனாவை மறுபடி கட்டி, ‘உயிரோடு இருக்கிறோம்’ என்ற அக்கம்பக்கத்தாரின் சேதிகளைத் திருச்சியில் இருந்த ஒரு ஓஎம்முக்கு (சக ஹாம் நண்பரை இப்படித்தான் அழைப்போம்) சொன்னேன். அவர் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன் போட்டு உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வானம் மூடியே கிடந்ததால் பேனலில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்காவின் சேதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ரிக் அணைந்தது. திரும்பப் போட்டால் கேட்கிறது, பிடிடியை (பேசுவதற்கு அழுத்தும் பட்டன்) அழுத்தினால் அணைகிறது. பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.1 வோல்ட். பாதி சார்ஜ் இருக்கிறதே, ஏன் இப்படி என்று புரியவில்லை. பவரை 10 வாட்டுக்குக் குறைத்து அந்த ஓஎம்மிடம் கேட்டேன். அவர் உடனே சொன்னார்: “தம்பி, மீட்டரைப் பேட்டரியில வைக்காதீங்க. ரிக்குக்குப் பின்னாடி வச்சு, அழுத்திப் பாருங்க.”

50 வாட்டில் அப்படிச் செய்து பார்த்தபோது, ரிக் அணைவதற்கு முன் மீட்டர் காட்டியது 10.7.

பெரும்பாலான எச்எஃப் (சிற்றலை) ரிக்குகள் 13.8 வோல்ட், கூடக்குறைய 15 சதவீதம் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. அதாவது கீழ் எல்லை 11.7. லெட்-ஆசிட் பேட்டரி பாதி காலியாகும்போது சும்மா இருந்தாலே 12.2-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதிலிருந்து 13 ஆம்பியர் இழுத்தால் இன்னும் சரியும். மீதியை வயர் தின்றுவிடும். நான் போட்டிருந்தது வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிச்சமிருந்த 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், மூன்று மீட்டர் தூரம். போக வர ஆறு மீட்டர் என்றால் 0.044 ஓம். 13 ஆம்பியரில் அது மட்டுமே 0.6 வோல்ட்டை விழுங்கும், 100 வாட்டுக்கு வேண்டிய 20 ஆம்பியரில் 0.9 வோல்ட். அதே தூரத்துக்கு 10 ஸ்கொயர் எம்எம் போட்டால் 20 ஆம்பியரிலும் இழப்பு 0.22 வோல்ட்தான். அதனால் யார் கேட்டாலும் முதலில் வயரை மாற்றுங்கள் என்கிறேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள். அப்புறம் பேட்டரியைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வர 24 நாள் ஆனது. 2019 தொடக்கத்தில் ஊரே இன்வெர்ட்டர் வாங்கியபோது நானும் 150 ஏஎச் டியூபுலர் (தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் வகை) ஒன்றை ரேடியோவுக்கென்றே வாங்கினேன். 50 வாட்டுக்கு அது அருமையான பேட்டரி. இழுக்கும் கரண்ட் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் வோல்டேஜ் அதிகம் சரியவில்லை. ஆனால் அது கேட்கும் கவனிப்பும் அதிகம். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் பார்க்க வேண்டும். எங்கள் உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூத்துக்கொண்டே இருக்கும். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் பேட்டரியை வெளித் தாழ்வாரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ் வைத்தேன். அது பெரிய தவறு. லெட்-ஆசிட் பேட்டரிக்கு வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தாழ்வாரம் அடுப்பாகிவிடும்.

2020-இல் கூடுதல் பவருக்கு அனுமதி தரும் ஜெனரல் கிரேடு லைசென்ஸுக்கு மாறி 100 வாட்டுக்குப் போனேன், எஃப்டி8-ம் (கம்ப்யூட்டர் வழியாகச் சிறு சேதிகளை அனுப்பும் முறை) பழகினேன். பேசும்போது குரல் ஏறி இறங்குவதால் சராசரி கரண்ட் குறைவு. எஃப்டி8-இல் 15 விநாடிக்கு ஒருமுறை மாறி மாறி, முழுப் பவரும் போகும். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் ரிக்குக்குப் பின்னால் 11.6 வந்துவிடும். இரண்டரை வருடத்தில் அந்த டியூபுலரைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டருக்கு டியூபுலர் வைத்திருப்பவர்கள், 50 வாட்டுக்குள் பேசுபவர்கள், தாராளமாக அதையே பயன்படுத்தலாம். ரேடியோவுக்கென்று புதிதாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, 2021-இல் வாங்கிய 100 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட். சுருக்கமாக எல்எஃப்பி. எடை 12 கிலோதான், ஒரு கையால் தூக்கலாம். முதலில் ஒரு கடையில் வாங்கியது ஏமாற்றம். காருக்குப் போடும் 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டி எரியவிட்டேன். அது சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும், 100 ஏஎச் என்றால் 22 மணி நேரம் எரிய வேண்டும். பதின்மூன்றரை மணி நேரத்தில் அணைந்துவிட்டது. உள்ளே பழைய செல்கள்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் வாதாடித் திருப்பிக் கொடுத்தேன். வேறு இடத்தில் வாங்கியது 22 மணி நேரமும் எரிந்தது. வாங்கிய முதல் வாரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், நாள் தள்ளிப்போனால் கடைக்காரரிடம் பேச முடியாது.

எல்எஃப்பியின் வோல்டேஜ் ஏறக்குறைய கடைசிவரை நேர்கோடாகப் போகும். முழுச் சார்ஜில் 100 வாட் அழுத்தினால் என் ரிக்குக்குப் பின்னால் 12.8. எண்பது சதவீதம் தீர்ந்த பிறகும் 12.4. லெட்-ஆசிட்டில் எனக்குப் பயன்படாமல் போன அந்தக் கீழ்ப் பாதி இதில் முழுக்கக் கிடைக்கிறது. ஒரு நாள் எனக்கு வேண்டியது 13 ஏஎச்: நான்கு மணி நேரம் கேட்க ஐந்து, ஒரு மணி நேரம் பேச எட்டு. மூன்று நாள் வெயிலே இல்லை என்று வைத்தால் 40 ஏஎச். லெட்-ஆசிட் என்றால் அதற்கு 100 ஏஎச் வாங்க வேண்டும், எல்எஃப்பி என்றால் 50 போதும். எஃப்டி8-க்காகத்தான் நான் 100 எடுத்தேன்.

இதிலும் தொல்லைகள் உண்டு. வோல்டேஜ் மாறாது என்பதால் அதை வைத்து மீதிச் சார்ஜைக் கணிக்க முடியாது, உள்ளே வெளியே போகும் கரண்டைக் கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். இன்னொன்று ஆபத்தானது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பாதுகாப்புச் சர்க்யூட்) பேட்டரியைத் துண்டித்தால், சாதாரண பிடபிள்யூஎம் வகை சார்ஜ் கன்ட்ரோலர் பேனலின் 21 வோல்ட்டை அப்படியே ரிக்குக்கு அனுப்பிவிடக்கூடும். ரிக்கின் மேல் எல்லை 15.9-தான். எல்எஃப்பி செட்டிங் உள்ள கன்ட்ரோலரை வாங்கி, 14.2-இல் நிறுத்தும்படி வைத்தால் பிஎம்எஸ் குறுக்கிட வேண்டிய நிலையே பெரும்பாலும் வராது. இதற்காக எம்பிபிடி (பேனலின் முழுத் திறனையும் எடுக்கும் வகை) கன்ட்ரோலருக்கு மாறினேன், கூடவே இன்னொரு 100 வாட் பேனலும் சேர்த்தேன். எம்பிபிடி வந்த அன்று 40 மீட்டரில் எஸ்7 அளவுக்கு (ரிக்கின் சிக்னல் மீட்டரில் 9-க்கு 7) இரைச்சலும் வந்தது. இரு பக்க வயரிலும் ஃபெர்ரைட் வளையம் போட்டுப் பாதி குறைத்தேன். மீதிக்கு, பேனல் வயரில் இரண்டு முனையையும் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று. காலை நெட்டுக்கு உட்காரும்போது அணைத்துவிட்டு, முடிந்ததும் போடுகிறேன்.

இந்த வருடம் மறுபடி பல்பு சோதனை செய்தேன், 21 மணி நேரம் எரிந்தது. நான்கு வருடத்தில் நான் அதற்குச் செய்த பராமரிப்பு, டெர்மினலைத் துடைத்தது மட்டும்தான்.

2024 நவம்பர் கடைசியில், பிறகு ஃபெஞ்சல் புயலாக மாறிய காற்றழுத்தத் தாழ்வால் டெல்டாவில் மழை நாள் கணக்காகக் கொட்டியது. ஐந்து நாள் வெயிலே இல்லை. வழக்கத்தைவிட அதிகமாகவே பேசிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் இரவு ஷன்ட் மீட்டர் 31 சதவீதம் காட்டியது. மல்டிமீட்டரை ரிக்குக்குப் பின்னால் வைத்து, 100 வாட்டில் பிடிடியை அழுத்தினேன். 12.5.