நான்கு லேன் கார்டும் பி550 மதர்போர்டும்

ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, ரைசன் 5 3600 பிராசஸர் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, மதர்போர்டை மட்டும் பி450-இலிருந்து பி550-க்கு மாற்றினேன். விளையாட்டுகளில் காட்சி விட்டுவிட்டு ஓடியதற்குக் கார்டைக் குறை சொல்லிவந்த எனக்கு, தடை இருந்த இடம் அதற்கு வழிவிட்ட பாதை என்பது அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் புரிந்தது.

லேன் என்பது தரவு செல்லும் தடம். இந்தக் கார்டு 16 லேன் ஸ்லாட்டில் பொருந்தினாலும், தரவைக் கடத்த அதில் இருப்பவை நான்கு லேன்கள் மட்டுமே. கார்டை மதர்போர்டோடு இணைக்கும் தரமான பிசிஐஇ-யின் 3.0 பதிப்பில் ஒரு லேன் ஒரு திசையில் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட்டைக் கடத்தும், 4.0-இல் அதைப் போல் இரு மடங்கு. பி450 மதர்போர்டு 3.0 வரைதான் செல்லும் என்பதால், என் பிராசஸருக்கு 4.0 திறன் இருந்தும், கார்டுக்குக் கிடைத்தது வினாடிக்குச் சுமார் 3.9 ஜிகாபைட்தான். பி550-இல் அது 7.9 ஆக உயர்ந்தது. பதினாறு லேன்களும் உள்ள கார்டுக்கு 3.0-இலேயே ஏறத்தாழ 15.75 ஜிகாபைட் கிடைப்பதால், அத்தகைய கார்டு வைத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் உணரமாட்டார்கள்.

கார்டின் சொந்த நினைவகமான 4 ஜிபி நிரம்பாதவரை நானும் உணரவில்லை. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பைக் காட்டும் படங்கள்) தரத்தை நடுத்தரத்தில் வைத்து ஆடியபோது இரு போர்டுகளும் ஒன்றுபோலவே நடந்துகொண்டன. தரத்தை உயர்த்தியதும் நினைவகத்தில் இடம்பெறாத டெக்ஸ்சர்கள் கணினியின் ராமிலிருந்து ஸ்லாட் வழியாக ஓயாமல் வந்துபோக வேண்டியிருந்தது. பழைய போர்டில் திருப்பங்களில் காட்சி உறைந்து நின்ற இடங்களை, புதிய போர்டு சிறு தயக்கத்தோடு கடந்துவிட்டது. தயக்கம் முழுவதும் மறைந்துவிடவில்லை, ஆனால் ஆட்டத்தைத் தொடர முடிந்தது.

பி550 என்று பெட்டியில் இருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதன்மை ஸ்லாட்டின் லேன்கள் மதர்போர்டின் துணைச் சிப்பான சிப்செட்டிலிருந்து வராமல் நேரடியாகப் பிராசஸரிலிருந்து வருகின்றன. ஆகவே வேகத்தைத் தீர்மானிப்பதில் பிராசஸருக்கும் பங்கு உண்டு. உள்ளிணைந்த கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜி பிசிஐஇ 3.0 வரையே தரும் என்பதால், அதை இதே போர்டில் பொருத்தினால் நான்கு லேன் கார்டு மீண்டும் 3.9 ஜிகாபைட்டுக்கே இறங்கிவிடும். பெயரில் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்து இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்வது பலருக்குத் தெரிவதில்லை.

நான் வாங்கிய போர்டில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. அதில் நீளமான ஸ்லாட்டுகள் இரண்டு இருக்கின்றன. கீழே உள்ளது தோற்றத்தில் மேலே உள்ளதைப் போலவே இருந்தாலும், சிப்செட்டிலிருந்து வரும் நான்கு 3.0 லேன்களோடு மட்டுமே இணைக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தகவல் பெட்டியில் இல்லை, கையேட்டின் உள்ளே ஓர் அட்டவணையில் இருக்கிறது. காற்றோட்டத்துக்காகக் கார்டைக் கீழே பொருத்தியிருந்தால், போர்டை மாற்றியதன் பயனையே இழந்திருப்பேன்.

பொருத்தி முடித்தபின் ஜிபியு-இசட் மென்பொருளில் இணைப்பு வேகத்தைப் பார்ப்பது நல்லது. கணினி சும்மா இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அது 1.1 என்று காட்டக்கூடும்; அதிலேயே உள்ள சோதனையை ஓடவிட்டுக் கார்டுக்கு வேலை கொடுத்தால் உண்மையான எண் தெரியும். எனக்கு 4.0, நான்கு லேன் என்று வந்தது. கார்டை நிமிர்த்தி வைக்க 3.0 தர ரைசர் கேபிளை (கார்டை ஸ்லாட்டோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) பயன்படுத்துபவர்களுக்கு 4.0 வேகத்தில் திரை கறுத்துப்போக வாய்ப்புண்டு. அப்போது மதர்போர்டின் அமைப்புப் பட்டியலான பயாஸில் ஸ்லாட்டை 3.0-க்கு இறக்க வேண்டியிருக்கும், அல்லது கேபிளை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை எட்டு லேன் கார்டுகள். 8 ஜிபி நினைவகமும் இருப்பதால் 3.0 போர்டில் அவற்றின் இழப்பு பெரும்பாலான ஆட்டங்களில் சிறியதே. அவற்றை பி450-இல் வைத்திருப்பவர்கள் இதற்காக மட்டும் போர்டை மாற்ற வேண்டியதில்லை. 4 ஜிபி நினைவகமும் நான்கு லேனும் உள்ள கார்டோடு புதிதாகக் கணினி அமைப்பவர்களுக்கு, 4.0 தரும் பிராசஸரோடு சேர்த்து பி550-ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.