ஓவனில் வைக்கலாம் என்று சொல்லி விற்ற பட்டர் பேப்பர்: கேக் செய்கிறவர்கள் கவனத்துக்கு

கிறிஸ்துமஸ் ஆர்டருக்காகப் பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில், கேக் ஒட்டாமல் இருக்க டின்னுக்குள் விரிக்கிற பட்டர் பேப்பர் ரோல் வாங்கினேன். "ஓவன்ல வைக்கலாமா அண்ணே?" என்று கேட்டுத்தான் வாங்கினேன். "பேக்கரிக்காரங்க எல்லாம் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க, தைரியமா வைங்கம்மா" என்றார். ரோலைச் சுற்றி வெறும் பிளாஸ்டிக் உறை. பெயரோ முகவரியோ எதுவும் இல்லை.

பிளம் கேக்கை 150 டிகிரியில் வைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே மெழுகுவத்தி அணைத்த வாசனை வந்தது. டின் விளிம்புக்கு மேலே நின்ற பேப்பர் பழுப்பாகிப் புகைந்தது. கேக்கை வெளியே எடுத்தால் பேப்பர் அடியோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகப் பிய்ந்தது. ரம்மில் ஊறவைத்த பழம், முந்திரி, வெண்ணெய் எல்லாம் வீண். மெழுகு இறங்கிய கேக்கை இன்னொருவர் வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க மனம் வருமா? ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் விற்றது மெழுகு பூசிய பேப்பர். பாரஃபின் மெழுகு 70 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். பர்ஃபியை அடுக்கி வைக்கவோ, சப்பாத்தி மாவை ஒட்டாமல் பிரித்து ஃபிரிட்ஜில் வைக்கவோ அது நல்ல பொருள்தான். அடுப்புக்கு ஆகாது. ஓவனுக்கு வேண்டியது சிலிகோன் பூசிய பார்ச்மென்ட் பேப்பர். பெரும்பாலும் 220 டிகிரி வரை தாங்கும், எவ்வளவு என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். எந்தப் பூச்சும் இல்லாத மெல்லிய பேப்பரும் உண்டு. எண்ணெய் கசியாது, ஆனால் ஒட்டும், வெண்ணெய் தடவித்தான் போட வேண்டும். கடைகளில் இந்த மூன்றுக்குமே பட்டர் பேப்பர் என்றுதான் பெயர். ஏமாற்ற நினைப்பவருக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "சூடு அதிகமா வெச்சிருப்பீங்க" என்றார். பிஸ்கட்டும் பீட்சாவும் இதைவிட அதிகச் சூட்டில் வேகும், அதற்கு இதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பில்லில் "பேப்பர்" என்று மட்டும் எழுதியிருந்ததால், ஓவனுக்கென்று விற்கவே இல்லை என்று சாதித்தார். அதுதான் எனக்குப் பெரிய கோபம். பில்லில் "ஓவனில் வைக்கும் பேப்பர்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே சந்தேகமான ரோல் இருந்தால், ஒரு துண்டை இரண்டு பழைய வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். மெழுகு இருந்தால் தாளில் எண்ணெய்க் கறை போல இறங்கும். நகத்தால் கீறினாலும் வெள்ளைக் கோடு விழும்.

நல்ல பார்ச்மென்டே ஆனாலும் ஓடிஜி என்கிற சிறிய மின்சார ஓவனில் சூடாகிற கம்பியில் படக் கூடாது. ஏர் ஃபிரையரைக் காலியாகச் சூடாக்கும்போது உள்ளே பேப்பர் போடவே போடாதீர்கள். காற்றில் மேலே பறந்து ஹீட்டரில் ஒட்டினால் தீப்பிடிக்கும்.

பொட்டலமாக விற்கிற பொருளில் தயாரித்தவர் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் சொல்கின்றன. அதைக் காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், ரோலைத் தூக்கிப் போடாமல் பில்லோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.